காலரா காத்துல வராது

காத்துல வராதும்மா. மொதல்ல அத எழுதிக்கங்க. காலரா காத்துல வராது. பதினோரு நாளா இந்தத் தெருவுல நடக்கற அத்தினி கூத்துக்கும் காரணம், இந்த ஒரு விஷயம் இங்க ஒருத்தருக்கும் தெரியாததுதான். மூணாம் நம்பர் வாசல்ல பாத்தீங்களா, வேப்பில கட்டியிருக்கு. ரெண்டாம் நம்பர்ல மாடில துணி காயப்போடறதே இல்ல, துணில வந்து ஒக்காந்துக்குமாம். இதோ பக்கத்து வீடு, ஆறாம் நம்பரு கலியபெருமாளு, மூஞ்சில மாஸ்க்கு. போடட்டும், வாணாங்கல. ஆனா அத தாடைக்கி கீழ எறக்கி வுட்டுட்டு, கொழாய்த் தண்ணிய சொம்புல புடிச்சு மடக் மடக்குனு குடிக்கறான். நான் எங்க வீட்டு கேட்டாண்ட நின்னு பாத்துட்டே இருந்தேன். "கலியபெருமாளு, அது மூக்கு வழியா வர்ற வியாதி இல்லப்பா, வாய் வழியா வர்றது"ன்னேன். "மாஸ்க்கு வாயையும் சேத்துதான சார் மூடுது"ன்றான். இவங்கிட்ட இன்னா பேசறது சொல்லுங்க.

ஒக்காருங்க, அந்த பிளாஸ்டிக் சேர இழுத்துப் போட்டுக்கங்க. பாட்டில்லாம் கீழ வைங்க, ஒண்ணும் ஆவாது. சுகாதாரத் துறைதான? பேட்ஜு போட்டிருக்கீங்களே... சுடர்விழி. நல்ல பேரு. நாலு வீடு முடிச்சிட்டீங்க இல்ல? ஜன்னல்லேந்து பாத்துட்டுதான் இருந்தேன். ஒவ்வொரு வீட்லயும் கொழாய்த் தண்ணில சொட்டு மருந்து வுட்டு, மஞ்சளா ஆவுதான்னு பாக்கறீங்க. குளோரின் இருந்தா மஞ்சளாவும். தெரியும்மா, எனக்கு எல்லாம் தெரியும். அதனாலதான் சொல்றேன், மத்த வீட்ல ரெண்டு நிமிஷம் நின்னாப் போதும், இங்க கொஞ்சம் ஒக்காந்து கேட்டுட்டுப் போங்க, ஒங்க ரிப்போர்ட்டுக்கு ஒதவும்.

சாந்தி, அந்தம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடு. கேன் தண்ணி. வாணாவா? சரி, இருக்கட்டும், பக்கத்துல வச்சிட்டுப் போ. எம் பொண்டாட்டிதாம்மா.

நான் தெய்வநாயகம். முப்பத்தோரு வருஷம் ஒரு பழைய லைப்ரரில அட்டெண்டரு. பிரெஞ்சுக்காரன் காலத்து லைப்ரரி. புஸ்தகம் எடுத்துக் குடுக்கறது, திருப்பி வைக்கறது, தூசு தட்டறது. தூசு தட்டறவன் சும்மா தட்டுவானா? ஒரு பக்கம் பெரட்டிப் பாத்துட்டுத்தான் தட்டுவான். அப்பிடிப் பெரட்டிப் பெரட்டியே காலராவ பத்தி அலமாரி அலமாரியா படிச்சிருக்கேன். அந்தக் காலத்துல பெரிய பெரிய டாக்டருங்களே கெட்ட காத்துலதான் வருதுன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. மியாஸ்ம்னு பேரு வச்சிருந்தான் பிரெஞ்சுக்காரன். பேரு எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. ஆனா தப்பு.

உண்மை இன்னான்னா, கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும், நீங்க படிச்சவங்க, தப்பா எடுத்துக்க மாட்டீங்க. ஒருத்தன் வயித்துலேந்து போனது இன்னொருத்தன் வாய்க்கி வருது. அவ்ளோதான் காலரா. நடுவுல தண்ணி இருக்கும், இல்ல சோறு இருக்கும், இல்ல கழுவாத கை இருக்கும், இல்ல ஈ இருக்கும். ஆனா ஆரம்பம் அங்க, முடிவு இங்க. இத எவன் ஒத்துப்பான்? அதனாலதான் ஜனங்க காத்துன்றாங்க. காத்து மரியாதையான காரணம் பாருங்க. யார் வீட்டுக் காத்துன்னு யாரும் போய்க் கேக்க முடியாது.

இன்னா சத்தமா? எது... ஓ, அந்த 'ஙொய்ய்'னு கேக்குதே, அதுவா. பிரிஜ்ஜும்மா. பழைய பிரிஜ்ஜு.

எங்க வுட்டேன்? ஆங், வயிறு. இன்னொண்ணும் சொல்லணும். கிருமி உள்ள போன எல்லாருக்கும் வியாதி வராது. முக்காவாசி பேருக்கு ஒண்ணுமே தெரியாது. நல்லா இருப்பான், சிரிச்சுப் பேசுவான், கல்யாணத்துக்குப் போவான், ஆனா அவன் வயித்துலேந்து கிருமி மட்டும் வெளிய போயிட்டே இருக்கும், பல நாளைக்கி. வயித்துல ஆசிட்டு சரியா இருந்தா அதுவே பாதிய கொன்னுடும். தெனம் கேஸ் மாத்திர போடறவனுக்குத்தான் சீக்கிரம் புடிக்குமாம். புஸ்தகப்படி பாத்தா கலியபெருமாளுக்குத்தான் வந்திருக்கணும், ராவானா பரோட்டா, காலைல மாத்திர. ஆனா வந்தது அவன் பொண்ணு சரிதாவுக்கு. கிருமி புஸ்தகம் படிச்சிட்டு வரல போல. ஓ குரூப் ரத்தம் இருக்கறவங்களுக்கு வந்தா கொஞ்சம் கடுமையா வருமாம். நீங்க இன்னா குரூப்பு? சரி, சொல்ல வாணாம்.

அந்தப் பொண்ணு இப்ப கதிர்காமம் ஆஸ்பத்திரில இருக்கு. ஆறாவது நாளு. மொத நாளு பாத்திருக்கணும் நீங்க, கஞ்சித் தண்ணி மாதிரி போயிட்டே இருந்துச்சாம், கண்ணு உள்ள போயி, கையி சுருங்கி... ஆட்டோல தூக்கிப்போட்டப்ப நானும் கேட்டாண்ட நின்னேன். உப்பும் சக்கரையும் கலந்த தண்ணி குடுத்துக்கிட்டே போங்கன்னு கத்துனேன். ஒருத்தன் காதுல வாங்கல. இப்ப தேறிடுச்சாம். அது வரைக்கும் சந்தோஷம்.

இருங்க, விஷயத்துக்கு வர்றேன். நீங்க கன்னியம்மாள பத்திக் கேக்கத்தான வந்திருக்கீங்க. தெரியும். மனு போட்டவன் நான்தான். எங்கப்பா காலத்துல முனிசிபாலிட்டிய மேரின்னுவாங்க, மேரிக்கி மனு எழுதறதுன்னா பேண்ட்டு மாட்டிக்கிட்டு ஒக்காருவாரு. அந்தப் பழக்கம் எனக்கும் வந்திடுச்சு. நாலு பக்கம், பதினாலு பாயிண்டு. கூட ஒரு வரைபடம். நீங்க கையில வச்சிருக்கீங்களே, அது என்னோடதுதான். செகப்புப் பேனால புள்ளி வச்சது நான்.

கன்னியம்மா யாருன்னு கேட்டா, மீன் விக்கறவ. வீராம்பட்டினம். பதினாலு வருஷமா இந்தத் தெருக்கோடில, தெருக்கொழாய்ப் பக்கத்துல பலகைய போட்டுக்கிட்டு ஒக்காருவா. வாயின்னா வாயி, அப்பிடி ஒரு வாயி. மனு போயி ரெண்டாவது நாளே ஆளு வந்து, விசாரண முடியற வரைக்கும் இங்க ஒக்காரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இன்னியோட நாலு நாளு. இன்னிக்கி நீங்க எழுதற ரிப்போர்ட்ட பாத்துதான், அவ திரும்ப வரலாமா வாணாமான்னு முடிவாம். அதான் நான் ஒங்கள ஒக்காரச் சொன்னது. ஆராயாம எழுதிடக் கூடாது பாருங்க, ஒரு பொம்பள பொழப்பு.

பாவந்தான். நான் இல்லேங்கல. அவ அன்னக்கூடைய தூக்கிக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போனாளாம், அங்க ஒருத்தரும் வாங்கலியாம். காலராக்காரின்னு பேரு வந்திடுச்சாம். கிருமியாவது தண்ணி வேணும், சோறு வேணும்னு கேக்குது. பேருக்கு ஒண்ணும் வாணாம், தானா போயிடுது.

நேத்து வந்தா. மீன் இல்லாம, வெறுங்கையோட. வெறுங்கைன்னா சொல்ல முடியாது, இடுப்புல ஒரு பச்ச பிளாஸ்டிக் கொடம். நேரா என் கேட்டாண்ட வந்து நின்னா. "ஏண்ணே, நான் காலராவா வித்தேன்? கெழங்கான் மீனுதான வித்தேன்"ன்னா. தெருவே வேடிக்க பாக்குது. நான் பொறுமையா சொன்னேன், "கன்னியம்மா, ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, இது விஞ்ஞானம்"னு. "அந்த விஞ்ஞானம் வஞ்சிரம் தலைய ஓசில வாங்கும்போது எங்க போச்சு"ன்னா. பேச்ச பாருங்க. ஒரே ஒரு தடவ, அதுவும் அவளா குடுத்தது. இத போயி தெருவுல...

மனுல மூணாவது பாயிண்ட படிச்சீங்களா? "எங்கிருந்து கொண்டுவரப்பட்டதென்று அறியப்படாத நீரைக் கொண்டு மீன்களைக் கழுவுவது." முன்னெல்லாம் அவ தெருக்கொழாய்லதான் கழுவுவா. போன சித்திரைலேந்து அந்தக் கொழாய்ல தண்ணி வர்றதில்ல. தொறந்தா புஸ்ஸுன்னு காத்துதான் வரும். அதுலேந்து வீட்லேந்து கேன்ல எடுத்துட்டு வர்றா. எந்தக் கெணறு, எந்தக் குட்ட, யாருக்குத் தெரியும்? நான் பொய் எழுதல, 'அறியப்படாத'ன்னுதான் எழுதியிருக்கேன். ஒரு வார்த்தையா இருந்தாலும் அளந்து போடறவன் நான்.

ஒரு தடவ என்னாண்டயே வந்து கேட்டா. நான் செடிக்கி பைப்பு புடிச்சிட்டிருந்தேன். இதோ பாக்கறீங்களே, முப்பத்தாறு தொட்டி, எல்லாம் நான் வச்சது. "ஏண்ணே, செடிக்கி வுடற தண்ணில மீனுக்கு ஒரு கொடம் ஊத்தறது"ன்னா. நான் முடியாதுன்னுட்டேன். தண்ணிக்கி இல்லம்மா, கொள்கைக்காக. இன்னிக்கி ஒரு கொடம்பா, நாளைக்கி ரெண்டும்பா, அப்பறம் வாசல்ல செதிலா கெடக்கும். அன்னிக்கிலேந்து எனக்கு ஒரு பட்டப்பேரு வச்சிருக்கா. அத ஒங்கள மாதிரி சின்ன வயசுப் பொண்ணுகிட்ட சொல்ல முடியாது. அதுக்காகத்தான் மனு போட்டேன்னு இங்க சில பேரு பேசறாங்க. சே. நான் அப்பிடிப்பட்ட ஆளு கெடையாது. அது நடந்து எட்டு மாசம் ஆச்சு.

ஆங், நேத்து. பேசி முடிச்சிட்டு நேரா தெருக்கோடிக்கிப் போனா. அந்தக் காஞ்ச கொழாய முழுசா தொறந்து வுட்டா. அந்தப் பச்சக் கொடத்த கீழ வச்சா. தெருவுக்கே கேக்கற மாதிரி, "இதுல தண்ணி வந்தா வந்து எடுத்துக்கறேன், அது வரைக்கும் எவனும் தொடக்கூடாது"ன்னு சொல்லிட்டு போயிட்டா. கொடம் இன்னமும் அங்கதான் இருக்கு. பொது எடத்துல ஆக்ரமிப்பு. அதுக்குத் தனியா ஒரு மனு எழுதி வச்சிருக்கேன், ஒங்ககிட்டயே குடுத்துடவா? சரி, தபால்லயே போடறேன்.

இப்ப அந்த வரைபடத்த பிரிங்க. பிரிங்க, சொல்றேன். லண்டன்ல ஒரு டாக்டரு இருந்தாரும்மா, நூத்தி எழுவது வருஷம் முன்னால. எல்லாரும் காத்து காத்துன்னு கத்தும்போது, அவரு மட்டும் வீடு வீடா போயி, செத்தவங்கள தெருப் படத்துல குறிச்சாரு. குறிச்சிப் பாத்தா எல்லாம் ஒரு தண்ணிப் பம்ப சுத்தியே இருக்கு. நேரா போயி அந்தப் பம்போட கைப்பிடிய கழட்டச் சொல்லிட்டாரு. முடிஞ்சிச்சு. எத்தினி புஸ்தகத்துல இருக்கு தெரியுமா அந்தக் கத? எனக்கு அதுல ஒரே ஒரு கொறதான். அந்தப் பம்பு யார் பொறுப்புல இருந்துச்சு, கைப்பிடிய கழட்டும்போது அந்த ஆளு இன்னா சொன்னான், ஒரு புஸ்தகத்துலயும் இல்ல. நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன்.

அவர மாதிரிதான் நானும் குறிச்சிருக்கேன். ஒம்போது வீடு. தண்ணி மெயின் ரோட்லேந்து வருது, ஒண்ணாம் நம்பரு அந்தப் பக்கம், ஒம்போதாம் நம்பரு இந்தப் பக்கம், அதுக்கப்பால தெருக்கொழா. நான் அஞ்சு, நட்ட நடுவுல. செகப்புப் புள்ளி எங்கெங்க இருக்கு பாருங்க. ஆறு. ஏழு. ஒம்போதுல ரெண்டு. எட்டு பூட்டிக் கெடக்கு, ஆளு இல்ல, அதனால புள்ளி இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, சுத்தமா ஒண்ணும் இல்ல. இன்னா தெரியுது? கன்னியம்மா ஒக்கார்ற கோடிய சுத்தியேதான் எல்லாம். வொலா, பாத்துக்கங்க.

ஏன் அங்க வெரல் வைக்கறீங்க? அது எங்க வீடு. எங்க வீட்ல ஒண்ணும் இல்லம்மா. நாங்க கேன் தண்ணி, அதையும் காய்ச்சி வடிகட்டித்தான் குடிக்கறது. கொழாய்த் தண்ணி செடிக்கி, மேல டேங்குக்கு, அவ்ளோதான்.

ஆமா. எங்க வீட்டுக்கு அப்பால இருக்கற வீடுங்கதான். இப்பால ஒண்ணும் இல்ல. அதான் நானும் சொல்றேன், மீன் பலக அப்பால இருக்கு.

ஏழாம் நம்பரா? ஹேமலதா வீடு. ஆமா, அவங்க... அவங்க கவுச்சியே சேக்க மாட்டாங்க. முட்ட கூட இல்ல. நீங்களும் அத கேட்டுட்டீங்களா. எனக்கும் அங்க கொஞ்சம் ஒதச்சிச்சு. ஒரு நாள் பூரா யோசிச்சேன். அப்பறம் ஈ. ஈ பறந்து போயிருக்கும். பதினொண்ணாவது பாயிண்டு, "ஈக்கள் மூலமாக". நாலாம் நம்பருக்கு ஏன் ஈ பறக்கலியா? நாலாம் நம்பரு கன்னியம்மாகிட்ட தெனம் வாங்கறாங்க, ஆமா, நெசந்தான், அவங்கதான் இந்தத் தெருவுலயே அதிகம் வாங்கறவங்க. இருந்தும் ஒண்ணும் இல்ல. அது வந்து... கொழம்புல நல்லா கொதிக்க வச்சிடறாங்க. கொதிச்சா கிருமி செத்துப்போவும். அப்ப கலியபெருமாளும் கொழம்புதான வைக்கறான்னா... அதத்தான் ஈன்னு சொன்னேன்.

ஒங்களுக்கு எழுத்து அழகா இருக்கு. இன்னா எழுதறீங்க?

பிரிஜ்ஜுதாம்மா, சொன்னேனே. கொஞ்சம் சத்தம் போடும்.

சாந்தி, நீ உள்ள போ. ஒன்ன யாரும் கேக்கல. பிரிஜ்ஜு ரிப்பேருக்குப் போனது போன வாரம்... சரி, இந்த வாரமும் வரல, சரி, ஒத்துக்கறேன். எல்லாத்தையும் அந்தம்மாகிட்ட சொல்லணுமா? பர்தோன், மன்னிச்சுக்கங்கம்மா, இவ எப்பவும் இப்பிடித்தான், நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா கதவுகிட்ட வந்து நின்னுப்பா.

மோட்டாரும்மா. சின்ன மோட்டாரு. முக்கா எச்.பி. காலைல ஆறேகாலுக்குத் தண்ணி வுடுவாங்க, எட்டு மணிக்கி நிறுத்திடுவாங்க. சொட்டுச் சொட்டா வருது, மேல டேங்குக்கு ஏறுமா? நான் ஆறு மணிக்கே போட்டுடுவேன், மொதல்ல வர்ற தண்ணி வீணாவக் கூடாது பாருங்க. நேரா மெயின் பைப்புலதான், சம்புலாம் கட்டல. கூடாதுதான். கூடாதுன்னு எனக்குத் தெரியாதா, மெயின்ல மோட்டார் வைக்கக் கூடாதுன்னு ஒட்டின நோட்டீசுல எழுத்துப் பெழ இருந்ததே, அத திருத்தி லெட்டர் போட்டவனே நான்தான். ஆனா எல்லாரும் போடறாங்கம்மா. இந்தத் தெருவுலயா? இந்தத் தெருவுல... நான் மட்டுந்தான். அடுத்த தெருவுல நெறைய பேரு.

எப்பலேந்தா? போன பங்குனி கடசில. பாவாடைன்னு ஒரு பிளம்பரு, கைராசிக்காரன், அரநாள்ல மாட்டிட்டான்.

ஆமா, பங்குனிக்கி அப்பறம் சித்திரதான்.

கொழாய்ல பிடிக்கறீங்களா, பிடிங்க பிடிங்க. எங்களுக்கு ஒண்ணும் ஒளிக்கறதுக்கு இல்ல. தண்ணி பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. சொட்டு வுடுங்க.

இன்னும் ஒரு சொட்டு வுடுங்களேன்.

மருந்து பழசா இருக்குமோ? நாலாம் நம்பர்ல எலுமிச்சம்பழம் மாதிரி ஆச்சே, பாத்தேனே. அதே பாட்டில்தான? இங்க ஏன் வெள்ளையாவே நிக்கிது? ஒரே பைப்பும்மா. அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல இருபது அடி கூட இருக்காது. இருபது அடில குளோரின் எங்க போவும்?

எங்க எந்திரிச்சிட்டீங்க? அந்தக் கல்லா? அது சைடு வாய்க்கா மேல மூடின கல்லு. வாணாம், சேறு, ஒங்க பொடவைல படும். இருங்க, நானே தூக்கறேன். பாவாட வச்ச கல்லுதான். உள்ள ஒண்ணும் இல்ல, எங்க கனெக்‌ஷன் மெயின் பைப்புல சேர்ற எடம், வாய்க்காக்குள்ளயே வருது, அதுக்கு நான் இன்னா பண்றது, பைப்பு அந்தக் காலத்துலயே அங்கதான் இருந்துச்சு. பாவாட மெயினுல ஓட்ட போட்டு, பெரிய பைப்பா மாட்டி, ஜாயிண்டு ஒழுவுதுன்னு சைக்கிள் டியூப சுத்திக் கட்டினான். கம்பி போட்டு முறுக்கினான், கெட்டியா. பத்து வருஷம் தாங்கும்னான்.

தோ பாருங்க. டியூபு இருக்குதே. ஒரு பக்கம் கொஞ்சம் வுட்டிருக்கு. அதனால இன்னா, ஒழுவினா நம்ம தண்ணிதான வெளிய போவும், வாய்க்கா தண்ணி எப்பிடி உள்ள...

ஒரு நிமிஷம்.

அந்தப் பாக்குக் கவரு ஏன் அங்கயே நிக்கிது? வாய்க்கா ஓடுது. மத்த குப்பெல்லாம் ஓடுது. அது மட்டும் ஜாயிண்டுல போயி ஒட்டிக்கிட்டு... குச்சி குடுங்க. தள்ளி வுட்டாலும் திரும்பப் போயி ஒட்டுது.

உறிஞ்சுது.

மோட்டார் ஓடும்போது உறிஞ்சுது. சாக்கட தண்ணிய. உறிஞ்சி மெயின் பைப்புல... எட்டு மணிக்கி முன்னால நான் மோட்டார நிறுத்தினதும் மெயினுல இருக்கறது அப்பால போவும். ஆறு, ஏழு. ஒம்போது. தெருக்கொழாக்கி எட்டறதுக்குள்ள தண்ணிய நிறுத்திடுவாங்க. மேட்டுலேந்து வர்றது நாலாம் நம்பருக்குத் திரும்பிப் போவாது. ஆமா. போவாது.

இல்லம்மா, ஆனா சாக்கடைல கிருமி யாரு போட்டா? அது நான் இல்லியே. எவனோ ஒருத்தன், எங்கயோ ஊருக்குப் போயி வாங்கிட்டு வந்து, ஒண்ணும் தெரியாம நல்லா இருந்துக்கிட்டு, கக்கூசு போயி... அந்த மாதிரி ஒருத்தன் இருக்கணும்தான? அவன் பேர மொதல்ல எழுதுங்க. யாருன்னா? முக்காவாசி பேருக்குத் தெரியவே தெரியாதுன்னு நானே சொன்னேன் இல்ல... சரி, யாரா வேணா இருக்கலாம். நானாக் கூட. அட, நான் ஊருக்கே போகல. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனதோட சரி.

நிறுத்தறேன். எட்டு மணிக்கி இன்னும் அர மணி நேரம் இருக்கு, சரி, இதோ நிறுத்தறேம்மா. சாந்தி, அந்த சுவிச்ச ஆஃப் பண்ணு. பீஸ் கட்டையவே உருவிடச் சொல்றாங்க, உருவு. உருவி அவங்க கையில குடு. ரசீது கிசீது குடுப்பாங்களா? கேட்டேன், சும்மா.

சத்தம் நின்னுடுச்சு. ஒரு வருஷமா கேட்டுட்டே இருந்த சத்தம், நின்னாதான் தெரியுது எவ்ளோ சத்தம்னு.

கவரு போயிடுச்சு, பாத்தீங்களா. ஆத்துல ஓடற மாதிரி ஓடிடுச்சு.

போன்ல யார கூப்பிடறீங்க? தண்ணி ஆபீஸா. வரட்டும், வந்து ஜாயிண்ட மாத்தட்டும், நான் தடுக்கவா போறேன். ஆனா ரிப்போர்ட்டுல இத கொஞ்சம் பொதுவா எழுதலாம்மா. "குழாய் இணைப்பில் ஏற்பட்ட கசிவின் காரணமாக." அப்பிடி எழுதினா எதுவும் பொய் இல்ல, யாருக்கும் மனசு புண்படாது. நான் வேணா வாசகம் சொல்றேன், நீங்க எழுதிக்கங்க. வீட்டு நம்பர் போட்டுதான் ஆவணுமா? பேரு? தெய்வநாயகம்தான், முன்னாலயே சொன்னேன். கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன் பாருங்க. அந்த லண்டன்காரரு கூட, கைப்பிடிய கழட்டினாரே ஒழிய, பம்புக்காரன் பேரு எழுதலியே.

கலியபெருமாளுகிட்ட நானே சொல்றேன். இல்ல, நீங்க சொல்லிடுங்க. இல்ல, யாரும் சொல்ல வாணாம், பொண்ணு வீட்டுக்கு வரட்டும், அப்பறம் நான்... பக்கத்து வீடு பாருங்க. தெனம் மூஞ்சி பாக்கணும். சொம்புல புடிச்சு அப்பிடியே குடிச்சான்மா. எங்கண்ணு முன்னாலதான் குடிச்சான். நானும் மாஸ்க்க பத்திதான் பேசிட்டு இருந்திருக்கேன்.

கன்னியம்மா விஷயம் இன்னா எழுதப்போறீங்க? வரலாம்னா? வரட்டும். நான் எப்ப வாணாம்னேன். மனுவ நான் வாபஸ் வாங்கணுமா, இல்ல அதுவா போயிடுமா? வாபஸ் வாங்கறதுக்குன்னு ஒரு மொற இருக்கு, நாலு பக்கத்துக்கு நாலு பக்கம் எழுதணும். எழுதறேன். பதினாலு பாயிண்டையும் ஒவ்வொண்ணா... மூணாவது பாயிண்ட மட்டும் எப்பிடி எழுதறதுன்னு யோசிக்கணும். 'அறியப்படாத நீர்'னு எழுதினேன். அது அவ கேன்ல இருந்ததில்ல, நம்ம...

எங்கம்மா ஓடறீங்க? பாட்டில வச்சிட்டு ஓடறீங்களே. டம்ளர் தண்ணி அப்பிடியே இருக்கு. கேன் தண்ணிம்மா அது, நெசமா கேன் தண்ணி. இன்னா? அங்க யாரும் குடிக்கக் கூடாதுன்னு சொல்லணுமா? எங்க? யாரு குடிக்கறாங்க?

சாந்தி, இன்னாடி சத்தம் தெருக்கோடில? எட்டிப் பாரேன்.

இன்னாது?

...ரொம்பிடுச்சா.

ஏம்மா, இந்தாங்க, கேக்குதா? கொடம் ரொம்பி வழியுதாம்மா. பச்சக் கொடம்.